இது ஆற்றை சாமான்?

அவளுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கே தொலைபேசி எடுத்து, "ஒராளின்ரை பேர் அந்த ஆளின்ரை சொந்தச் சாமான். அதை என்னத்துக்கு நடு ஹோலிலை கொண்டுவந்து வைச்சனீ?" என்று கேட்பாள். குணத்தைப் பற்றி எழுதுவதற்குத் தடையில்லை. அந்தக் குணத்தால் அவதிப்பட்டவர்கள் நாங்கள் எல்லாரும் என்பதால் அது பொதுச் சொத்து.

நல்லூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் எங்கள் மென்பொருள் அலுவலகம் இருந்தது. பெரிதாக ஒன்றும் கற்பனை செய்ய வேண்டாம். முன்னுக்கு ஒரு நீள அறை, பின்னுக்கு ஒரு குசினி, இரண்டுக்கும் நடுவில் மழைக்கு ஒழுகும் ஒரு நடை. முதலாளியை எல்லாரும் அண்ணை என்றே கூப்பிடுவோம். அவள் நிரல் எழுதுவாள். திரையில் எந்தப் பொத்தான் எங்கே, என்ன நிறத்தில் என்று பார்ப்பது என் வேலை. எங்கள் இருவருக்கும் ஒரே வயது, ஒரே அளவு வாய். வேறு இரண்டு பேரும் இருந்தார்கள். அவர்கள் எந்நேரமும் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு இருப்பவர்கள் என்பதால் இந்தக் கதைக்கு அதிகம் தேவைப்பட மாட்டார்கள்.

பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய முதல் நாளே அவள் நேராகக் குசினிக்குள் போனாள். தேயிலைப் பேணிக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த சீனிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இது ஆற்றை சாமான்?"

யாருடையது என்று கேட்கிறாளாம்! வந்து இன்னும் கதிரையில்கூட இருக்கவில்லை.

"என்ரை," என்றேன்.

"நீ மட்டுமோ இஞ்சை தேத்தண்ணி குடிக்கிறனீ?"

"மற்றவை அள்ளிப் போடுவினம். எனக்கு மிஞ்சாது."

"அப்ப சீனி காணாததுதான் பிரச்சினை. ஒளிச்சு வைச்சால் சீனி கூடுமோ? பெரிய போத்தலா வாங்குவம்."

பெரிய போத்தல் வந்து குசினி மேசையின் நடுவில் குந்திக்கொண்டது. அடுத்து அண்ணையின் குடை. அவர் அதைத் தன் மேசைக்குக் கீழே, காலுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். "மழை அண்ணைக்கு மட்டுமோ பெய்யுது?" என்று கேட்டுவிட்டு அவள் அதை வாசலில் கொளுவினாள். அடுத்த மழைக்கு அண்ணை தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். குடை, காதில் செருகியவர்களில் ஒருவரோடு சாப்பாடு வாங்கப் போயிருந்தது.

உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அவள் இப்படித்தான் பிரிப்பாள். மின்விசிறியின் வேகம் எல்லாருடையது. கதிரையின் உயரம் அவரவருடையது. யன்னல் எல்லாருடையது, யன்னலோரத்தில் நான் வைத்த பூச்சாடி என்னுடையது, ஆனால் அதற்குத் தண்ணீர் ஊற்றும் பேணி எல்லாருடையது. இதில் வேடிக்கை என்னவென்றால், 'என்ரை' என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. தன் குடையைக்கூட 'அந்த நீலக் குடை' என்றுதான் சொல்வாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் மூடியைத் திருப்பி நடுவில் வைத்து, பாதிக் கறியை அதில் கொட்டிவிடுவாள். அம்மா வைத்த கணவாய்க் கறி அப்படித்தான் எங்கள் எல்லாருக்கும் சொந்தமானது. அந்தக் கறிக்காகவே அவளுடைய குணத்தை நான் பொறுத்துக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய்யில்லை.

இந்த நோய் எங்கே பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். கொழும்பில் என்றாள். அங்கே இரண்டு வருடம் வேலை செய்தபோது ஆறு பெண்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தார்களாம்.

"குசினியிலை ஆறு உப்புப் போத்தலடி! ஒவ்வொண்டிலையும் பேர் ஒட்டி இருக்கும். ஒருத்தி கறிக்கு உப்புப் போட மறந்து பதறினாலும் மற்றவளின்ரை போத்தலைத் தொடமாட்டாள். அறைக்கு ஓடிப்போய்த் திறப்பெடுத்து, அலுமாரியைத் திறந்து, தன்ரை உப்பை எடுத்துக்கொண்டு வருவாள். அதுக்கிடையிலை கறி அடிப்பிடிச்சிடும். நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கிச்சுது, ரண்டு வருசமா ஒருத்தியோடையும் நான் வடிவாக் கதைக்கவே இல்லையெண்டு."

இதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை. இனிக் கொழும்புப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்றாள்.

அவள் சொன்னதெல்லாம் சரியாகத்தான் முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அச்சுவேலியில் என் அக்காவின் கல்யாணத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பலகாரமெல்லாம் ஒரு அறைக்குள் பூட்டி இருக்கும். திறப்பு ஒரு மாமியின் இடுப்பில் இருக்கும். அந்த மாமி எப்போதும் தேவையான நேரத்தில் கிணற்றடியில் நிற்பார். இந்த ஒழுங்கு அவளுக்குப் பொறுக்கவில்லை. மாமியைச் சுற்றிச் சுற்றி வந்து, கெஞ்சி, கொஞ்சி, திறப்பை வாங்கி, ஹோலில் ஒரு ஆணி அடித்துக் கொளுவினாள். 'பலகார அறை' என்று வடிவான எழுத்தில் எழுதியும் தொங்கவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாமி கம்பீரமாகப் போய் அறையைத் திறந்தார். உள்ளே தட்டங்கள் இருந்தன. தட்டங்கள் மட்டும்தான் இருந்தன. எங்கள் சொந்தக்காரர்கள் அவ்வளவு பேரும் வாயைத் துடைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"கோதாரி! ஒரு பயித்தம் பணியாரம்கூட இல்லை!" என்று மாமி தலையில் கைவைத்தார்.

அவள் வெட்கப்படவே இல்லை. கொஞ்ச நேரம் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆணியிலை பிழையில்லை, மாமி. எல்லாரும் பாக்கலாம் எண்டுதான் விட்டிருக்கவேணும். எல்லாரும் அள்ளலாம் எண்டும் சேத்து விட்டுட்டன். அது வேறை, இது வேறை."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாள் உவள்?" என்று மாமி என்னைக் கேட்டார். நான் அந்த நேரம் வாய்நிறையப் பணியாரத்தோடு நின்றதால் பதில் சொல்ல முடியவில்லை.

இனிப் பெரிய கதைக்கு வருகிறேன். அதுவரை நாங்கள் வெளிநாட்டுக் கொம்பனிகளுக்குத் துண்டு துண்டாக வேலை செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கென்று ஒரு மென்பொருள் செய்து யாழ்ப்பாணத்திலேயே விற்க வேண்டும் என்பது அண்ணையின் கனவு. கோயில் வீதிப் பக்கத்தில் ஐஸ்கிறீம் கடை வைத்திருந்த ஒருவர் சம்மதித்தார். காசாளர் தட்டியதும் ஓடர்த் துண்டு உள்ளே குசினியில் அச்சாகி வரும், அவ்வளவுதான் வேலை. திருவிழாக் கூட்டத்தை அது தாங்கினால் அவருடைய மச்சானும் தன் கடைகளுக்கு வாங்குவதாக இருந்தது.

அந்த நாட்களில்தான் அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளை, மற்றவைக்குச் சொல்லிப்போடாதை, இது சரிவராட்டித் திருவிழா முடிய இஞ்சை பூட்டிப்போட்டு எல்லாரும் கொழும்புக்குப் போகவேண்டி வரும்," என்றார். நான் யாருக்கும் சொல்லவில்லை. அவளுக்கு மட்டும் சொன்னேன். அவள் கண்ணைச் சுருக்கினாள். அன்று பின்னேரத் தேத்தண்ணிக்கு எல்லாரும் கூடியபோது வாயைத் திறந்தாள்.

"அண்ணை, பூட்டுற கதையிலை எத்தினை பிரதி வைச்சிருக்கிறியள்?"

அண்ணைக்குப் புரையேறியது. "என்ன கதை?"

"இவளுக்குச் சொன்னது திருவிழா முடிய எண்டு. எனக்கு ஐப்பசி எண்டனீங்கள். உவை ரண்டு பேருக்கும் தை பிறந்த பிறகாம். எல்லாருக்கும் மற்றவைக்குச் சொல்லாதை எண்டும் சொல்லியிருக்கிறியள். எல்லாருக்கும் பொதுவான விசயத்தை ஒவ்வொருத்தற்றை காதுக்குள்ளை ஒவ்வொரு விதமா வைச்சால், எது சரியெண்டு ஆருக்குத் தெரியும்?"

காதில் செருகியிருந்த இரண்டு பேரும் செருகியதைக் கழற்றினார்கள். அண்ணை தரையைப் பார்த்தபடி உண்மையைச் சொன்னார். கடை வேலை திருவிழாவுக்குள் வடிவாக ஓடினால் இங்கே இருப்போம், இல்லாவிட்டால் அடுத்த மாதமே கொழும்பு.

"கொழும்பெண்டால் ஆறு உப்புப் போத்தல்," என்று அவள் மெதுவாகச் சொன்னாள். பாதி குடித்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தன் கதிரைக்குப் போனாள்.

அதனால்தான் அடுத்த வாரம் அந்தச் சண்டையை அவள் அவ்வளவு மூர்க்கமாகப் போட்டாள். சண்டை கணினிக்குள் இருக்கும் ஒரு சின்னக் கோப்பு பற்றியது. கடையின் காசாளர் மேசையில் ஒரு கணினி. அதில் மாறி மாறி மூன்று பேர் இருப்பார்கள். யார் எப்போது இருந்தது என்று தெரிவதற்காகக் கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி லொகின் கொடுத்திருந்தார். ஆனால் துண்டு குசினிப் பிறிண்டருக்குத்தான் போக வேண்டும் என்பது மூன்று பேருக்கும் பொதுவான செற்றிங். அதை மென்பொருள் எங்கே எழுதி வைப்பது?

"மென்பொருள் இருக்கிற ஃபோல்டருக்குள்ளையேதான்," என்றார் அண்ணை. "எங்கடை வீட்டிலை காணி உறுதி, பாஸ்போட், நகை எல்லாம் சாமி அறையிலைதான் இருக்கு. இவ்வளவு காலத்திலை ஒண்டும் துலையேல்லை."

"அண்ணை, உங்கடை சாமி அறைக்குள்ளை ஆர் போகலாம்?"

"குளிச்சுப்போட்டு அம்மா போவா."

"அதுதான். மென்பொருள் இருக்கிற அந்த புறோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரும் சாமி அறைதான். பெரிய லொகின் இருக்கிற ஆள்தான் அங்கை எழுதலாம். காசாளர் பிள்ளையள் எழுதேலாது."

"எழுதுதே! நான் பாத்தனான்."

"எழுதினமாதிரிக் காட்டும், அண்ணை. உங்கடை புறோகிராம் பழைய முறையிலை எழுதினது. பழசுகளுக்கு விண்டோஸ் மரியாதை குடுக்கும், எங்கடை ஆக்கள் மாதிரி. முகத்துக்கு நேரை ஏலாது எண்டு சொல்லாது. ஓம் ஓம், வைச்சிட்டன் எண்டும். ஆனால் வைக்கிறது எழுதின ஆளின்ரை அறைக்குள்ளை. மூண்டு பேர் எழுதினால் மூண்டு பிரதி. ஒருத்தரின்ரை மற்றவருக்குத் தெரியாது. எல்லாரும் நினைப்பினம் பொதுக் கோப்பிலை எழுதினதெண்டு."

"அப்ப எங்கை வைக்கச் சொல்லுறாய்?"

"ஹோலிலை! புறோகிராம் டேட்டா எண்டு ஒரு ஃபோல்டர் அதுக்கெண்டே இருக்கு. மெஷினிலை இருக்கிற எல்லாருக்கும் பொதுவானதை வைக்கிற இடம்."

"நடு ஹோலிலை வைச்சால் கண்டவன் நிண்டவன் எல்லாம் மாத்துவான். என்ரை மெஷினிலை இது வடிவா வேலை செய்யுது. விடு பிள்ளை."

அவருடைய கணினியில் அவர்தான் ராசா. எந்த அறைக்குள்ளும் போகலாம், எங்கேயும் எழுதலாம். வேலை செய்யாமல் என்ன செய்யும்? அவள் தன் மேசைக்குப் போய், விசைப்பலகை உடைந்துவிடும் போலத் தட்டிக்கொண்டிருந்தாள்.

சப்பறத் திருவிழா அன்று பின்னேரம் நாங்கள் எல்லாரும் கடையில் நின்றோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. கோயிலால் வந்த கூட்டம் வாசல்வரை நெரிந்தது. காலைக் காசாளர் எழும்பினார், அவருடைய லொகினை மூடினார், பின்னேரக் காசாளர் தன் லொகினைத் திறந்தார். ஓடர்கள் விழத் தொடங்கின. பின்னேரக்காரர் தட்டிக்கொண்டே இருக்கிறார், குசினிக்காரர் கைகட்டிக்கொண்டு நிற்கிறார். ஒரு துண்டும் வரவில்லை. சனம் சத்தம் போடத் தொடங்கியது. கடைக்காரர் முறுக்கு மீசை வைத்த ஆறடி ஆள். அவருடைய மீசை துடித்தது. ஒரு மூலையில் மச்சான்காரர் கால்மேல் கால் போட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மேல்மாடியிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"இஞ்சேருங்கோ! ஆர் எனக்கு ரண்டு ஸ்பெஷலும் ஒரு மாம்பழ ஐஸ்கிறீமும் அனுப்பினது?"

அது கடைக்காரரின் மனைவி. மேலே இரசாயன ரியூசன் நடத்துபவர். அந்தக் கணினியில் முதலில் இணைத்தது அவருடைய பிறிண்டர்தான்; வேறு பிறிண்டரின் பேர் சொல்லாவிட்டால் எல்லாம் அங்கேதான் போகும். பின்னேரக் காசாளரின் அறையில் குசினிப் பிறிண்டர் என்ற தகவலே இல்லாததால், ஓடர் எல்லாம் மேலே ஒட்சியேற்றம் படித்துக்கொண்டிருந்த வகுப்புக்கு நடுவில் அச்சாகி விழுந்துகொண்டிருந்தது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

ரீச்சர் என்றால் ரீச்சர்தான். ஒரு நொடியில் பிள்ளைகளைப் படிக்கட்டு நெடுக நிறுத்திவிட்டார். மேலே இருப்பவர் வாசிக்க, ஒவ்வொரு படியாகச் சத்தம் இறங்கி வந்தது. "ரண்டு ஸ்பெஷல்!" "ரண்டு ஸ்பெஷல்!" "மூண்டு றோல்ஸ், ஒரு ஃபலூடா!" கடைசிப் படியில் நின்று நான் அதைக் குசினிக்குள் கத்தினேன். காதில் செருகியவர்கள் இருவரும் தட்டம் தூக்கினார்கள். சனத்துக்கு இது திருவிழாவோடு சேர்ந்த இன்னொரு திருவிழா. கடைக்காரருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"உதை இப்பவே கழட்டுங்கோ," என்றார் அண்ணையைப் பார்த்து. "நாளைக்குத் தேர். எனக்கு உந்த விளையாட்டு வேண்டாம்."

அண்ணையின் முகம் செத்துப்போனது. அவள் காசாளர் மேசைக்குள் புகுந்தாள்.

"இஞ்சை பாருங்கோ அண்ணை. அதே ஃபோல்டர், அதே பேர். காலைப் பிள்ளையின்ரை லொகின் திறந்திருக்கேக்கைதான் பிறிண்டர் பேரை எழுதினது, அதிலை இருக்கு. பின்னேரப் பிள்ளையின்ரையிலை இல்லை. நான் சொன்ன தனித்தனிப் பிரதி."

"முருகா," என்றார் அண்ணை. "இனி எழுதி முடிக்க விடியுமே?"

"எழுதி முடிஞ்சுது. ஹோலிலை வைக்கிறமாதிரி அண்டைக்கே மாத்தி, அலுவலகத்துப் பொது ஃபோல்டரிலை போட்டு வைச்சிருக்கிறன். நான் ஒண்டும் ஒளிக்கேல்லை. நீங்கள்தான் திறந்து பாக்கேல்லை."

மடிக்கணினியிலிருந்து எடுத்துப் போட்டாள். திரை பெரிய லொகினின் கடவுச்சொல்லைக் கேட்டது. கடைக்காரர் மீசையைத் தடவினார். அது மனைவிக்குத்தான் தெரியுமாம். நான் படிக்கட்டில் மேல்நோக்கிக் கத்தினேன். கேள்வி படி படியாக ஏறியது. ரீச்சர் மேல்படியில் நின்ற பிள்ளையின் காதுக்குள் மெதுவாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் பிள்ளைகள் அதுவரை செய்த வேலையையே தொடர்ந்து செய்தார்கள்.

"பஞ்சுக்குட்டி!" "பஞ்சுக்குட்டி!" "பஞ்சுக்குட்டி, இடைவெளி இல்லாமல்!"

கடை முழுவதும் ஆறடி மீசையைத் திரும்பிப் பார்த்தது.

"ஐயோ, கத்தாதேங்கோ!" என்று அவள் மேசைக்குள்ளிருந்து துள்ளி எழும்பினாள். "அது சொந்தச் சாமான்! அது ஆருக்கும் சொல்லுறேல்லை!"

யார் கேட்டார்கள்? முன்மேசையில் இருந்த ஒருவர், "பஞ்சுக்குட்டி, எங்கடை ஐஸ்கிறீம் எங்கை?" என்றார். மச்சான்காரர் கதிரையிலிருந்து வழுக்கி விழப் பார்த்தார். கடைக்காரர் எங்கள் எல்லாரையும் கொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவருடைய மீசை முதலில் மேலே போனது, பிறகு பக்கவாட்டில் விரிந்தது, பிறகு அந்தப் பெரிய உடம்பு முழுவதும் குலுங்கியது. அவர் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கண்ணீர் வந்தது.

அவள் மட்டும் வேலையில் கண்ணாக இருந்தாள். "இந்த செற்றிங்கை மூண்டு காசாளரும் பாக்கலாம். ஆனால் ஒராள்தான் மாத்தலாம். பலகார அறை மாதிரி. ஆருக்குக் குடுக்க?"

"எனக்கு," என்றார் கடைக்காரர்.

"எனக்கு," என்றது மேல்மாடி.

அவள் கடைக்காரரைப் பார்த்தாள். அவர் விரலை மேலே காட்டினார். பின்னேரக் காசாளர் மறுபடி தன் லொகினைத் திறந்து ஒரு ஸ்பெஷல் தட்டினார். உள்ளே குசினிப் பிறிண்டர் கரகரவென்று துண்டைத் துப்பியது. படிக்கட்டுப் பிள்ளைகள் "ஐயோ, முடிஞ்சுதே!" என்று உண்மையாகவே கவலைப்பட்டார்கள். மூன்றாவது காசாளரையும் கூப்பிட்டு அவருடைய லொகினிலும் தட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அவள் மூச்சுவிட்டாள்.

இப்போது கொழும்பில் இருப்பது நான்தான். கல்யாணம் கட்டி இங்கே வந்து சேர்ந்தேன். அவள் இன்னும் பருத்தித்துறை பஸ்ஸில் வந்து நல்லூரில் இறங்குகிறாள். சைக்கிள் கடைக்கு மேலிருந்த அலுவலகம் இப்போது பக்கத்து மாடியையும் பிடித்துவிட்டதாம், குடைகள் எல்லாம் வாசலில்தானாம். எங்கள் வீட்டுக் குசினியில் உப்புப் போத்தல் ஒன்றே ஒன்றுதான். நான் புதிதாக வந்தபோது மாமியார் தனக்கென்று ஒன்றை அலுமாரிக்குள் வைக்கப் பார்த்தார். "இது ஆற்றை சாமான், மாமி?" என்று கேட்டேன். என் வாயில் வந்த அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அவளை நினைத்ததும் என் கண்ணுக்கு முதலில் வருவது அந்தப் பின்னேரத்தின் கடைசிக் காட்சிதான். கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தது. மச்சான்காரர் வந்து, தன் கடைகளுக்கும் இந்த மென்பொருளை எப்போது போட வருவீர்கள் என்று அண்ணையிடம் கேட்டார். அண்ணை எங்களைத் திரும்பிப் பார்த்து, "பிள்ளையள், கொழும்பு இல்லை. இஞ்சைதான்," என்று எல்லாருக்கும் ஒரே தடவையாக, சத்தமாகச் சொன்னார். நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். அவள் அழுதாளா, சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது.

கடைக்காரர் தன் கையாலேயே ஒரு பெரிய கிண்ணத்தில் ஸ்பெஷல் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார். எங்கள் அத்தனை பேருக்கும் கரண்டி. மேலே முந்திரிகைவற்றல், கஜு, உச்சியில் ஒரு செரிப்பழம். நாங்கள் கரண்டியைத் தூக்கினோம். அவள் கையை நீட்டிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"என்ன பிள்ளை," என்றார் அண்ணை, "இது ஆற்றை சாமான்?"

"என்ரை," என்றாள்.

எங்கள் கரண்டிகள் அப்படியே நின்றன. அவள் இடது கையால் கிண்ணத்தைச் சுற்றி அணைத்துக்கொண்டு, செரிப்பழத்தை எடுத்து வாய்க்குள் போட்டாள். ஆறுதலாக மென்றாள். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னாள்:

"எல்லாரும் பாக்கலாம்."